பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்: பராமரிப்பும் பழுது நீக்கலும் பயணமும்

புல்லட் 350 என்பது சென்னை திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஆகும். இதைத் தயாரித்த நிறுவனம் முதலில் என்ஃபீல்டு இந்தியா என்றும் பின்னர் ராயல் என்ஃபீல்டு என்றும் அழைக்கப்பட்டது. வார்ப்பிரும்புச் சிலிண்டரும் நான்கு கியரும் வலது கால் கியர் மாற்றமும் கொண்ட பழைய வகை புல்லட்டைப் பற்றியது இக்கட்டுரை. வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டிகளின் உற்பத்தி 2010ஆம் ஆண்டளவில் நின்றுவிட்டது. ஆயினும் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் தாத்தா காலத்து புல்லட்டுகளை இன்றும் காணலாம். வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் அன்றாடம் போய்வரும் வண்டிகள் அவற்றுள் சில. திண்ணை ஓரத்தில் சாக்குப் போர்த்தி நிற்பவை பல.

இவ்வண்டியின் பெரும்பாலான பழுதுகள், வண்டி வழியில் நிற்பதற்குப் பல நாள் முன்பே ஓசையாகவோ கசிவாகவோ புகையாகவோ வெளிப்பட்டுவிடும். அவற்றைக் கவனிக்கப் பழகியவர், சில ஸ்பேனர்களோடு வீட்டு வாசலிலேயே பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம். கவனிக்காதவருக்குச் செலவும் ஆபத்தும் சேர்ந்து வரும். ஆகவே வண்டியின் அமைப்பு, பராமரிப்பு, பழுதறியும் முறை, காவிரி டெல்டா சாலைகளில் ஓட்டும்போது மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள் ஆகியவை இங்கு வரிசையாக விளக்கப்படுகின்றன.

வரலாறு

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த என்ஃபீல்டு சைக்கிள் நிறுவனம் 1930களின் தொடக்கத்திலேயே புல்லட் என்ற பெயரை ஒரு வண்டிக்குச் சூட்டியது. இன்று நாம் அறிந்த வடிவத்தின் முன்னோடி, பின்சக்கரத்திற்கும் ஷாக் அப்சார்பர் பொருத்தப்பட்டு 1949இல் வெளிவந்த 350 சி.சி. வண்டியாகும். எல்லைப் பகுதிகளில் சுற்றுக்காவலுக்கு உறுதியான வண்டியைத் தேடிய இந்திய அரசு, 1950களின் முற்பாதியில் 800 புல்லட்டுகளை வாங்க முடிவுசெய்தது.

1955இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொடக்கத்தில், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்கள் திருவொற்றியூரில் பூட்டப்பட்டன. 1957இல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளும் இங்கே வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி முற்றிலும் நின்றது. தாய் நிறுவனம் மறைந்த பிறகும் சென்னையில் உற்பத்தி தொடர்ந்தது. 1977இல் இங்கிருந்து பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் புல்லட் ஏற்றுமதியாயிற்று. 1990இல் ஐஷர் குழுமம் இந்நிறுவனத்துடன் கைகோத்தது. 1994இல் நிறுவனம் அக்குழுமத்தின் பகுதியானது.

இந்த வரலாற்றினால் வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு நன்மை உண்டு. அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் மிக மெதுவாகவே மாறியதால், ஒரு காலத்து வண்டியின் பாகங்கள் பல இன்னொரு காலத்து வண்டிக்கும் பொருந்துகின்றன. உற்பத்தி நின்ற பிறகும் உதிரிபாகங்கள் கிடைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதே காலத்தில் நெடும்பயணத்திற்குப் பயன்பட்ட மற்றொரு வண்டி, மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1996 வரை தயாரித்த ஜாவா, எஸ்டி வகை வண்டிகளாகும். அவை பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். புல்லட் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆதலால் இரண்டின் பராமரிப்பும் வேறு வேறு.

எஞ்சினின் அமைப்பு

சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மி.மீ. வட்டத்தின் பரப்பை அந்தத் தூரத்தால் பெருக்கினால் சுமார் 346 கன சென்டிமீட்டர் வரும். 350 சி.சி. என்று நாம் முழு எண்ணாகச் சொல்வது இதைத்தான். எஞ்சினின் உச்சத் திறன் 18 குதிரைத்திறன்.

உள்விட்டத்தைவிடப் பிஸ்டனின் பயணம் நீளமாக இருப்பது இதன் சிறப்பு. உள்ளே கனமான ஃபிளைவீல்கள் சுழல்கின்றன. இதனால் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை கிடைக்கிறது. மூட்டை ஏற்றிக்கொண்டு வரப்புச் சாலையில் மெதுவாகப் போகவும் முடிகிறது. ஆனால் வேகம் கூடும்போது இதே அமைப்பு சுமையாகிறது. கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் 18 செ.மீ. நகர வேண்டும். நிமிடத்திற்கு 3,000 சுற்று என்றால் பிஸ்டன் ஒரு நிமிடத்தில் 540 மீட்டர் உரசிச் செல்கிறது. இந்த உரசலைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. பழைய புல்லட்டை மணிக்கு 60 முதல் 70 கி.மீ. வேகத்திற்குள் ஓட்டுவது நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுவே.

எண்ணெய் எஞ்சினின் அடியில் தேங்கி நிற்பதில்லை. கிராங்க் அறைக்குப் பின்னால், அதே வார்ப்பில் அமைந்த தனித் தொட்டியில் இருக்கிறது. ஒரு பம்பு அதை எஞ்சினுக்குள் அனுப்புகிறது. இன்னொரு பம்பு கீழே வடிந்த எண்ணெயைத் திரும்ப எடுக்கிறது. அந்த எண்ணெய் வெளியே தெரியும் மெல்லிய குழாய்கள் வழியாக வால்வுகளை இயக்கும் மேற்பகுதிக்கும் செல்கிறது.

ஸ்டார்ட் செய்யும் முறை

பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்யப் பலத்தைவிட முறையே தேவை. முறை தெரியாமல் அரைகுறையாக உதைத்தால் கிக்கர் எதிர்த்து அடிக்கும். கணுக்காலும் முழங்காலும் அடிபட்டவர்கள் பலர்.

1. பெட்ரோல் குழாயைத் திறந்து, நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக் போட வேண்டும்.
2. சாவியைப் போடுமுன் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கிக்கரை மிதித்தால், இரவில் ஒட்டிக்கொண்ட கிளட்ச் தட்டுகள் பிரியும்.
3. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். ஓரிடத்தில் கல் போல நிற்கும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை நெருங்கிவிட்டது என்பது பொருள்.
4. இடது கைப்பிடியருகே உள்ள டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் சிறிதளவே நகர்த்த வேண்டும். முகப்பிலுள்ள ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம் சரியான இடம்.
5. லிவரை விட்டு, கிக்கரை முழுதும் மேலே வரவிட்டு, பிறகு கடைசி வரை ஒரே உதையாக உதைக்க வேண்டும். உதைக்கும்போது ஆக்சிலேட்டரைத் திருகக் கூடாது.

சரியாக வைத்திருக்கும் வண்டி இம்முறையில் ஒன்றிரண்டு உதையில் கிளம்பிவிடும். ஐந்தாறு உதைக்கு மேல் தேவைப்பட்டால் உதைப்பதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுவதே நல்லது.

தொடர் பராமரிப்பு

எண்ணெய்: 20டபிள்யூ-50 வகை எண்ணெய் நம் வெப்பத்திற்கு ஏற்றது. அளவைப் பார்க்கும்போது, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகே பார்க்க வேண்டும். வண்டி பல நாள் நின்றால் தொட்டி எண்ணெய் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது அளவுகோல் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால் எண்ணெய் மிகுந்து புகையும் கசிவும் உண்டாகும். 2,000 முதல் 3,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயை மாற்றி, வடிகட்டியையும் கவனிக்க வேண்டும். மாற்றிய பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மேற்பகுதிக்குச் செல்லும் குழாயின் இணைப்பை அரைச் சுற்றுத் தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனை ஒரு எஞ்சினையே காப்பாற்றும்.

டேப்பெட்: வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகள் இரண்டு. இவற்றைச் சரிசெய்யும் நட்டுகள் சிலிண்டரின் அடிப்பகுதியில், வலப்பக்கச் சிறு மூடிக்குள் உள்ளன. எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். இரு வால்வுகளும் மூடியிருக்கும் அழுத்த உச்சியில் பிஸ்டனை நிறுத்த வேண்டும். விரலால் திருப்பினால் ராடு தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசையக் கூடாது. தளர்ந்திருந்தால் ‘டிக் டிக்’ ஓசை கேட்கும். இறுகியிருந்தால் ஓசையே இராது. ஆனால் வால்வு முழுதும் மூடாமல் சூட்டில் எரிந்துபோகும். ஓசை இல்லாததே நலம் என்று நினைத்து இறுக்கிவிடுவது பலர் செய்யும் தவறு.

பாயிண்டும் பிளக்கும்: பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் கொண்டு அளப்பதே முறை. முனையில் கருமை படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான காகிதத்தை இடையில் வைத்து இழுத்துத் துடைக்க வேண்டும். பிளக்கின் நிறம் எஞ்சினின் நிலையைச் சொல்லும். இளம்பழுப்பு நலம். கருங்கரி என்றால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமை அல்லது மிகைச்சூடு. எண்ணெய் ஈரம் என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்துள்ளது.

கார்புரேட்டர்: மிதவை அறையின் அடியில் தேங்கும் தூசையும் நீரையும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை நீக்க வேண்டும். ஜெட்டுகளைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்; காற்றால் ஊதுவதே சரி. கார்புரேட்டர் இணைப்பில் வெடிப்போ தளர்ச்சியோ இருந்தால் காற்றுப் புகுந்து, வண்டி ஐடிலில் நில்லாது.

கிளட்ச், சங்கிலி: கிளட்ச் லிவரில் சுமார் 3 மி.மீ. தளர்வு வேண்டும். அது இல்லாவிட்டால் தட்டுகள் வழுக்கும். அதிகமானால் நியூட்ரல் விழாது. பின் சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் 25 மி.மீ. அசைய வேண்டும். சங்கிலி எல்லா இடத்திலும் ஒரேபோல் தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

சக்கரம்: ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியையும் ஸ்பேனரால் மெல்லத் தட்டினால் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. டயர்களில் டியூப் உண்டு என்பதால் ஆணி குத்தினால் காற்று விரைவில் இறங்கிவிடும்.

ஸ்பேனர் குறித்து ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் வடிவமைப்பிலிருந்து வந்ததால் பழைய வண்டிகளில் பல மரைகள் அங்குல அளவில் உள்ளன. பொருந்துவது போலத் தோன்றும் மி.மீ. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கும். மரை அளவு மாறிய போல்ட்டை வலிந்து ஏற்றினால் அலுமினிய உறையின் மரையே போய்விடும்.

பழுதை அறியும் வழி

வண்டி கிளம்பாவிட்டால் பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம் என்ற வரிசையில் தேட வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும். பெட்ரோல் கார்புரேட்டருக்கு வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் துளைக்குத் தள்ளி உலோகப் பகுதியில் சாய்த்து வைத்து உதைத்தால் பொறி தெரிய வேண்டும். மூன்றாவதாக, பிளக்கை மாட்டியபின் கிக்கருக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பே இல்லையென்றால் டீகம்ப்ரஷர் வயர் இறுகி அதன் வால்வு திறந்தே இருக்கலாம். அல்லது டேப்பெட் இறுகியிருக்கலாம். எஞ்சினைப் பிரிப்பதற்குமுன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

ஓடும்போது தெரியும் அறிகுறிகள் சில:

• சில கி.மீ. ஓடி நின்று, தொட்டி மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்ற ஓசையுடன் மீண்டும் ஓடினால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டுள்ளது.
• குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்பினால், கண்டன்சர் அல்லது இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். பாயிண்டில் பெரிதாகப் பொறி பறப்பது கண்டன்சர் பழுதின் அடையாளம்.
• ஸ்டார்ட் செய்ததும் சற்று நேரம் மட்டும் நீலப்புகை வந்தால், நின்றபோது கிராங்க் அறைக்குள் எண்ணெய் இறங்கியுள்ளது. எப்போதும் நீலப்புகை வந்தால் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்துள்ளது.
• எல்லா மூட்டுகளிலும் எண்ணெய் கசிந்தால் கேஸ்கட்டுகளை மாற்றுமுன் பிரீதர் குழாயைப் பார்க்க வேண்டும். அது அடைபட்டாலோ அதன் ரப்பர் முனை கெட்டாலோ உள்ளழுத்தம் கூடி எண்ணெய் வெளியே தள்ளப்படும்.
• ஓட்டத்தில் திடீரென இழுவை குறைந்து, எஞ்சின் திணறுவது போலிருந்தால் பிஸ்டன் சூட்டில் பிடிக்கத் தொடங்குகிறது. அந்த நொடியே கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும்.
• அடியிலிருந்து கனத்த ‘டொக் டொக்’ ஓசை, சுமையேறும்போது கூடினால், கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். அதன்பின் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு ஏற்றிச் செல்வதே சிக்கனம்.

எஞ்சின் வேலை

சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் போர் செய்து, அடுத்த அளவுப் பிஸ்டன் போடுவார்கள். வார்ப்பிரும்புச் சிலிண்டர் இவ்வாறு சில முறை போர் செய்வதைத் தாங்கும். போர் செய்யுமுன் புதிய பிஸ்டனை வாங்கி, அதை அளந்து அதற்கேற்பத் துளையைத் தேய்க்கச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி குறைந்தால் பிடித்துக்கொள்ளும்; மிகுந்தால் ஓசை வரும்.

வேலை முடிந்த எஞ்சினை முதல் 500 கி.மீ. வரை மென்மையாக ஓட்ட வேண்டும். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். அந்த 500 கி.மீ. முடிந்ததும் எண்ணெயை மாற்ற வேண்டும். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து உதிர்ந்த உலோகத்தூள் அந்த எண்ணெயில் இருக்கும்.

டெல்டா சாலையும் பருவமும்

பட்டுக்கோட்டை வட்டாரம் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. ஒரு பக்கம் நெல்வயல், மறுபக்கம் தென்னந்தோப்பு, தெற்கே அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் கடற்கரை என மூன்று வகை நிலம் உண்டு. வண்டிக்கு மூன்றும் மூன்று விதமான தொல்லை தரும்.

நடவுக் காலத்தில் டிராக்டரின் கூண்டுச் சக்கரங்கள் வயற்சேற்றைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவருகின்றன. தூறல் பட்டதும் அது சோப்பு போல வழுக்கும். அறுவடைக் காலத்தில் நெல்லும் உளுந்தும் சாலையில் உலர்த்தப்படுகின்றன. தானிய மணிகள் டயருக்கடியில் உருளும். அதன்மேல் பிரேக் போடுவதும் வண்டியைச் சாய்ப்பதும் ஆபத்து; முன்னதாகவே வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்க வேண்டும். வைக்கோல் பின் அச்சிலும் சங்கிலியிலும் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரில் ஒட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். அத்தகைய சாலையைக் கடந்தவுடன் இறங்கிப் பார்ப்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் நீர் சாலையில் வழிந்தோடும்போது டிரம் பிரேக்குக்குள் நீர் புகும். நனைந்த பிரேக் பிடிக்காது. நீரைத் தாண்டியதும் மெதுவாகச் சென்றபடி பிரேக்கை லேசாக அழுத்தி உலர்த்த வேண்டும். வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் ஒருபோதும் உதைத்துப் பார்க்கக் கூடாது. நீர் அமுங்காது என்பதால் சிலிண்டருக்குள் நீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயை முழுதும் மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது.

கடற்கரைச் சாலையில் சென்று வந்தால் உப்புக்காற்று ஸ்போக்ஸ், சங்கிலி, மின்இணைப்புகள் ஆகியவற்றை அரிக்கும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்து இப்போது பரவலாகிவிட்டது. பழைய புல்லட் இதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பழைய வகை ரப்பர், கார்க் பாகங்களைக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாய், அடைப்பானின் வாஷர்கள், கார்புரேட்டர் ரப்பர்கள் ஆகியவற்றைப் புதிய பொருளில் செய்தவையாக மாற்றிக்கொள்ள வேண்டும். ரப்பர் குழாயை ஆண்டுக்கொரு முறை வளைத்துப் பார்த்து, வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டுவது உயிருக்கே ஆபத்து.

எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை சற்று மெலியும். பிளக் வெளுக்கத் தொடங்கினால் கார்புரேட்டர் ஊசியை ஒரு படி உயர்த்தலாம். வண்டி சில வாரம் நிற்கப் போகிறதென்றால், குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காலியாக்க வேண்டும். பல மாதம் நிற்குமென்றால் தொட்டியையும் வடித்து, உள்ளே சிறிது எண்ணெய் விட்டுச் சுழற்றி வைக்க வேண்டும்.

நெடும்பயணம்

புதிதாகப் பழைய புல்லட் ஓட்டுபவர் முதலில் கால்களைப் பழக்க வேண்டும். இதில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேல்நோக்கி, மற்ற மூன்றும் கீழ்நோக்கி. இக்கால வண்டிகளில் கால், திசை இரண்டும் நேர்மாறு. அவசரத்தில் வலது காலை அழுத்தினால் பிரேக்குக்குப் பதிலாகக் கியர்தான் மாறும். ஆளில்லாத மைதானத்தில் பல நாள் பழகிய பிறகே சாலைக்கு வர வேண்டும். இரண்டாவது முதல் நான்காவது வரை எந்தக் கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வர, குதிகாலால் அழுத்தும் தனி லிவர் ஒன்று இருக்கிறது. அதையும் பழகிக்கொள்ள வேண்டும்.

நெடும்பயணத்திற்கு முன் ஒரு சோதனை ஓட்டம் தேவை. பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மனோரா, சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, பேராவூரணி வழியாகத் திரும்பும் வட்டம் இதற்கு ஏற்றது. நூறு கி.மீ.க்கு உட்பட்டது, வழி நெடுகப் பேருந்தும் கடையும் உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோராவைப் பார்க்கும் நேரத்தில் எஞ்சினும் ஆறும். திரும்பியதும் எண்ணெய் அளவு, நட்டுகள், சங்கிலி, ஸ்போக்ஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த ஓட்டத்தில் தளர்ந்தவை நெடும்பயணத்திலும் தளரும்.

உடன் கொண்டுசெல்ல வேண்டியவை: பிளக், பாயிண்ட், கண்டன்சர், கிளட்ச் வயர், ஆக்சிலேட்டர் வயர், முன்பின் டியூப்கள், டயர் லிவர், சங்கிலி இணைப்புக் கண்ணி, ஃபியூஸ், பல்பு, இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, பொருந்தும் ஸ்பேனர்கள், அரை லிட்டர் எண்ணெய், டார்ச் விளக்கு. மாற்றுக் கிளட்ச் வயரைப் பழைய வயரோடு சேர்த்தே ஓடவிட்டுக் கட்டி வைத்தால், அறுந்தபோது பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிறுத்துவது எஞ்சினுக்கும் முதுகுக்கும் நல்லது. கொடைக்கானல் போன்ற மலைப்பாதையில் இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பழைய வண்டியின் முகப்பு விளக்கு மங்கலானது. விளக்கின்றி நிற்கும் டிராக்டர் டிரெய்லர்கள் நிறைந்த நம் சாலைகளில் இருட்டுமுன் பயணத்தை முடித்துக்கொள்வதே பாதுகாப்பு. ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் ஹெல்மெட் வேண்டும். சேலை அணிந்தவர் அமர்வதானால் சாரி கார்டு உறுதியாக இருக்க வேண்டும்.

சட்ட நடைமுறை

சொந்தப் பயன்பாட்டு மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25ஐ, பதிவு முடியும் நாளுக்கு 60 நாள் முன்பிருந்து அளிக்கலாம். பசுமை வரி, காப்பீடு, புகைச் சான்றிதழ் ஆகியவையும் தேவை.

ஆர்.சி. புத்தகம் இறந்த தாத்தா அல்லது தந்தை பெயரிலேயே இருப்பது கிராமங்களில் பரவலாகக் காணப்படுகிறது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதத்திற்குள் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தாலும் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டே சாலையில் எடுக்க வேண்டும். இல்லையேல் விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவுசெய்ய 2021இல் விதி வந்தது. அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டிற்கு ஓட்ட முடியாது. கண்காட்சி போன்றவற்றிற்கே எடுக்கலாம். வயலுக்குப் போய்வரும் வண்டிக்குச் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே பொருத்தம். பேரொலி எழுப்பும் சைலன்சரைப் பொருத்துவது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடைசெய்யும் மாற்றங்களுள் அடங்கும்.

குறிப்பேடு

பாயிண்ட் வைத்த எஞ்சினைக் காதால் கேட்டே சரிசெய்யும் மெக்கானிக்குகள் குறைந்து வருகிறார்கள். புதிய வண்டிகளைக் கணினி இணைத்துச் சோதிக்கும் பட்டறைகளில் இந்த வேலைக்கு இடமில்லை. ஆகவே வண்டி வைத்திருப்பவர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது பெரிதும் உதவும். நாள், ஓடிய தூரம், செய்த வேலை, போட்ட பாகத்தின் அளவு, கேட்ட ஓசை ஆகியவற்றை எழுத வேண்டும். சிலிண்டர் எத்தனை முறை போர் செய்யப்பட்டது, எந்த மரை எந்த அளவுக்கு மாற்றப்பட்டது என்பவை பழைய மெக்கானிக்கின் நினைவில் மட்டுமே இருந்தால் அவருக்குப் பிறகு தெரியவராது. அவர் வேலை செய்யும்போது அருகிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டால், வண்டி அடுத்த தலைமுறையின் கைக்குச் செல்லும்போது அந்தக் குறிப்பேடும் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்ந்து செல்லும்.